பொதுத்தேர்வு இல்லாத மூன்று வகுப்புகள்

(தேசிய அறிவியல் நாளையொட்டி ஸ்ரீரங்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1921-இல் சி.வி. ராமன் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம்தான் தண்ணீரில் பட்டு அப்படித் தெரிகிறது என்பது அன்றைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த விடை. சொன்னவரும் சாதாரண ஆள் இல்லை, ரேலே என்ற பெரும் விஞ்ஞானி. ராமன் தன்னிடம் இருந்த ஒரு சிறு பட்டகத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பை அது மறைத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. அங்கே தொடங்கிய வேலைதான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு என்ற கண்டுபிடிப்பில் வந்து நின்றது. அந்த மனிதர் 1888-இல் பிறந்தது இதே ஸ்ரீரங்கத் தீவில் இருக்கும் திருவானைக்காவலில்.

புத்தகத்தில் எழுதியிருப்பது சரிதானா என்று பார்த்துவிட வேண்டும் என ஒரு பிள்ளை இன்று நம் ஏழாம் வகுப்பில் எழுந்து நின்றால், அதற்கு நேரம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா, கூட நிற்க ஓர் ஆசிரியர் இருக்கிறாரா? இதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். பணிக்காலம் முழுவதும் நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

பாடத்திட்டம் மாறுவது நமக்குப் புதிது அல்ல. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டங்கள் இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதை ஒன்றாக்க வழி சொன்ன குழுவின் தலைவர் டாக்டர் முத்துக்குமரன், நம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். 2010-இல் சமச்சீர் கல்வி ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதை நிறுத்தப் பார்த்தார்கள். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. 2017-இல் டாக்டர் ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஒரு குழு அமைந்து, 2018-இலும் 2019-இலும் இப்போதைய புத்தகங்கள் வந்தன. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகி, இன்னொரு திருத்தத்தின் வாசலில் நிற்கிறோம்.

2018-இல் வந்த புத்தகங்கள் நல்ல புத்தகங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். படங்கள் தெளிவாக இருக்கின்றன, செயல்பாடுகள் கொடுத்திருக்கிறார்கள், கைப்பேசியில் படித்துப் பார்க்கக் குறியீடும் உண்டு. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தையும் தனிம வரிசை அட்டவணையையும் எடுத்துவிட்டது என்று நாடே பேசிய 2023-இல், நம் புத்தகத்தை நினைத்து எனக்குப் பெருமையாகவே இருந்தது.

என் குறை அளவைப் பற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவீடுகள், விசையும் இயக்கமும், பருப்பொருள்கள், தாவர உலகம், விலங்குலகம், உடல்நலம், கணினி. ஜூனில் தொடங்கிக் காலாண்டுத் தேர்வுக்குள் ஏழு அலகு. ஒவ்வொரு அலகிலும் நாலைந்து செயல்பாடு. அவற்றை மெய்யாகவே செய்ய உட்கார்ந்தால் இரண்டு அலகுகூட முடியாது. ஆகவே ஆசிரியர் என்ன செய்வார்? செயல்பாட்டையும் வாசிக்கச் சொல்வார். "ஒரு முகவையில் நீர் எடுத்துக்கொள்" என்று நாற்பது பிள்ளைகள் சேர்ந்து உரக்க வாசிப்பார்கள். முகவை பீரோவுக்குள் இருக்கும். உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்று பீரோ பூட்டியே இருக்கும்.

ஒரு வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் காந்தவியல் வரும். இரும்புத் துகளும் காந்தமும் வைத்துச் செய்து காட்டினால் பாடம் ஒரு பீரியடில் முடிந்துவிடும். ஒரு வருடம் இரும்புத் துகள் கிடைக்கவில்லை. பிள்ளைகளைக் கொள்ளிடம் படித்துறைக்குக் கூட்டிப்போனேன். கையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம். அதை ஒரு காகிதத்தில் சுற்றிக் காய்ந்த மணலில் இழுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தால் காகிதத்தின் மேல் கரும்பூனை முடி மாதிரி மணல் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. காகிதத்தை உருவினால் உதிர்ந்துவிடுகிறது. ஒரு பிள்ளை கேட்டாள்: "சார், எல்லா மணலும் ஒட்டலையே, கருப்பு மட்டும் ஏன் சார் ஒட்டுது?" இன்னொருவன், "இது இரும்புன்னா துரு ஏன் பிடிக்கல?" என்றான். மூன்றாவது ஒருத்தி கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் விடை முழுதாகத் தெரியாத கேள்வி: "இது எந்த ஊர்லேர்ந்து வந்துச்சு சார்?"

மேக்னடைட் என்ற கனிமம் அது. இரும்பும் ஆக்சிஜனும் ஏற்கெனவே சேர்ந்தே இருப்பதால் இரும்பு ஆணி போல எளிதில் துருப்பிடிப்பதில்லை. இவ்வளவை நான் சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆற்றின் மேற்கே உள்ள பாறைகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. சேலத்துக் கஞ்சமலையில் மேக்னடைட் பாறை இருப்பதைச் சொன்னேன். அங்கிருந்து வந்ததுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவர்களிடமே விட்டேன். முக்கொம்பு மணலையும் எடுத்து வந்து ஒப்பிடலாம், கரூர்ச் சொந்தக்காரரைக் கொஞ்சம் மணல் கொண்டுவரச் சொல்லலாம் என்று அவர்களே திட்டம் போட்டார்கள். பாடம் ஒரு வாரம் ஓடியது. அந்தப் பருவத்தில் மற்ற அலகுகளை ஓட்டமாய் ஓடித்தான் முடித்தேன்.

இந்த அனுபவத்தின் மேல் நின்றுதான் என் கோரிக்கையை வைக்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலம் முழுமைக்கும் பொதுவாக இருக்கட்டும். மீதி ஒரு பங்கை மாவட்டத்துக்கு விட்டுவிடுங்கள். அதை அந்தந்த மாவட்டத்து ஆசிரியர்கள் எழுதட்டும், பிள்ளைகள் செய்து படிக்கட்டும்.

திருச்சிக்கு அந்தப் பங்கில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வாழையிலிருந்து தொடங்கலாம். ஏழாம் வகுப்பில் தாவரங்களின் இனப்பெருக்கம் வருகிறது. தண்டிலிருந்து புதுச் செடி வருவதற்கு உருளைக்கிழங்கு, இஞ்சி என்று எடுத்துக்காட்டுகள் உண்டு. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்கு உருளைக்கிழங்கு காய்கறிக் கடையில்தான் தெரியும். வாழைக்கொல்லை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பூவன் பழத்தைப் பிளந்து விதை தேடச் சொல்லுங்கள். நடுவில் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும், ஆனால் முளைக்கிற விதை இல்லை. விதை இல்லாமல் இத்தனை தலைமுறையாக எப்படி வந்தது? பக்கக்கன்றை எடுத்து நட்டு நட்டுத்தான். அப்படியானால் ஒரு கொல்லையில் உள்ள மரமெல்லாம் ஒரே மரத்தின் மறுபதிப்பு. ஒன்றைப் பிடிக்கிற நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். ரஸ்தாளி போட்டவர்கள் வாடல் நோய்க்கு ஏன் அப்படிப் பயப்படுகிறார்கள் என்பது அந்த இடத்தில் பிள்ளைக்கு விளங்கும். தாத்தா சொல்கிற அனுபவமும் புத்தகம் சொல்கிற மரபியலும் அங்கே ஒரே பேச்சாகிவிடும். கேட்டுத் தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம், தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993 முதல் நம் தாயனூர்ப் பக்கம் இருக்கிறது.

நிழலில்லா நாளைச் சொல்கிறேன். ஆண்டில் இரண்டு நாள், ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும், சூரியன் திருச்சிக்கு நேர் உச்சியில் வரும். கொடிக்கம்பத்தின் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அது பன்னிரண்டு மணிக்கு நடப்பதில்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் 12.15 சுமாருக்குத்தான் நடக்கும். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, விடுமுறை. ஆகஸ்டில் பள்ளி உண்டு, மேகம் மட்டும் வழிவிட வேண்டும். சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் இந்த நாள் வேறு. மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதி அச்சிட முடியாத பாடம் இது.

ஊட்டத்தூரை உங்களில் எத்தனை பேர் கல்வெட்டுக்கும் கோயிலுக்கும் அப்பால் அறிவீர்கள்? 1860-களில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பக்கத்துப் பாறைகளை ஆராய்ந்து மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சிராப்பள்ளி அடுக்கு, அரியலூர் அடுக்கு. அன்றைக்கு எல்லாமே திருச்சி மாவட்டம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதற்குச் சாட்சியாக அம்மோனைட் முதலிய கடல் உயிர்களின் படிவங்கள் அந்தப் பாறைகளில் கிடக்கின்றன. உலகெங்கும் கிரிட்டேசியஸ் காலத்தைப் படிப்பவர்கள் நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லித்தான் படிக்கிறார்கள். லால்குடிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அதைக் கேள்விப்படாமலே போகலாம்.

முக்கொம்பு இருக்கிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' நடத்துகிற எவரும் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் தாவரகம் இருக்கிறது. பாதர் மேத்யூ தமிழகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுத்துப் பெரு நூல்களாக வெளியிட்டது அங்கிருந்துதான். மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. புதுக்கோட்டை சாலையில் கோளரங்கம் இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிகள் அங்கெல்லாம் ஒரு நாள் சுற்றுலாவாகப் போய்க் குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. பாடத்தில் இடமிருந்தால் அதே இடங்களுக்குக் கேள்வியோடு போவார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஐயப்படுபவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃப்ரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் முன்னின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா ஆய்வு நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். நாம் இன்று பேசுகிற அதே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள்தான். பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்வார்கள், பார்த்ததைத் தாங்களே எழுதுவார்கள், விடையைப் புத்தகம் சொல்லாது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடித் தங்களுக்கு வகுப்பில் வந்த சிக்கலைப் பேசுவார்கள். 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போயிற்று. பின்னால் 1982-இல் ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. அரசுப் பள்ளிக்குள், அரசு ஆசிரியர்களைக் கொண்டே நடந்தது.

2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. மாநிலத்தின் மற்ற பிள்ளைகள் ஒரு புத்தகம் படிக்க, இவர்கள் மட்டும் வேறு படிப்பானேன் என்ற கேள்விக்கு அந்த முயற்சி கடைசிவரை ஊருக்கு விளங்கும்படி பதில் சொல்ல முடியவில்லை. பெற்றோருக்கு ஒன்பதாம் வகுப்பைப் பற்றிய பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் இளப்பமாக நினைக்கவில்லை. முப்பது ஆண்டு உழைப்பு அதனால் போனது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அதனால்தான் முழுப் புத்தகத்தையும் மாற்றச் சொல்லாமல் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறேன்.

இங்கே நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் என்று சமச்சீருக்காகப் போராடி வாங்கினோம், இப்போது மாவட்டத்துக்கு ஒன்று என்றால் பழைய ஏற்றத்தாழ்வு பின்வாசல் வழியாக வராதா என்று கேட்பார்கள். நான் மதிக்கிற பல நண்பர்கள் இப்படிக் கேட்கிறார்கள். நான்கு வாரியங்கள் பிள்ளைகளைப் பிரித்தது பெற்றோரின் பணத்தை வைத்து. நான் சொல்கிற பங்கு ஊரை வைத்து வருவது, அதே ஊரில் கட்டணப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் அது ஒன்றுதான். சொல்லப்போனால் வாழைக்கொல்லையும் ஆற்று மணலும் இருக்கிற பாடத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைதான் முன்னால் நிற்பான்.

மதிப்பெண் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. 2012-இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40 செயல்பாட்டுக்கும் சிறு தேர்வுக்கும் என்று வந்தது. நடைமுறையில் என்ன ஆயிற்று? ஸ்டேஷனரி கடையில் சார்ட் வாங்கி, பிரவுசிங் சென்டரில் படம் பிரிண்ட் எடுத்து, அக்காவோ அம்மாவோ ராத்திரி உட்கார்ந்து ஒட்டித் தருகிறார்கள். ஆசிரியர் மதிப்பெண் போட்டு எமிஸ் இணையதளத்தில் ஏற்றுகிறார். அந்த மதிப்பெண்ணை மாவட்டப் பங்குக்குக் கொடுங்கள். பிள்ளை தன் கண்ணால் எதைப் பார்த்தது, எதை அளந்தது, எது தவறிப்போனது என்று தன் கையெழுத்தில் எழுதிய நோட்டுக்கு அந்த மதிப்பெண் போகட்டும்.

இதை எட்டாம் வகுப்புக்குள் செய்தாக வேண்டும். ஒன்பதிலிருந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் நிழல் விழுந்துவிடும், பதினொன்று, பன்னிரண்டில் நீட். 2019-இல் ஐந்துக்கும் எட்டுக்கும்கூடப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்து 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அப்படிக் காப்பாற்றிய மூன்று வகுப்புகளை நாம் என்ன செய்தோம்?

இனி அந்த வகுப்புகள் நடக்கும் பள்ளியைப் பற்றி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஏழாயிரம் அரசு நடுநிலைப் பள்ளிகள். ஏழாம் வகுப்புப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் படித்தால் பள்ளிக்கல்வி இயக்ககத்தின் கீழ், நடுநிலைப் பள்ளியில் படித்தால் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ். முன்னவருக்கு அதே வளாகத்தில் ஆய்வகம் கண்ணில் படும், பின்னவருக்கு மேலே சொன்ன பீரோ. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர் இருந்தால் போதும் என்கிறது. கணிதம் படித்து வந்த அம்மையார் தவளையின் இதயத்தையும், விலங்கியல் படித்து வந்தவர் இயற்கணிதத்தையும் நடத்துகிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சட்டம் 2009-இல் குறைந்தபட்சம் என்று சொன்னதை நாம் இன்றும் போதுமானது என்று வைத்திருக்கிறோம், குறை அங்கேதான். இரு பாடத்துக்கும் தனித்தனி ஆசிரியர் என்பது அடுத்த திட்டத்தின் முதல் வரியாக வர வேண்டும்.

2022 நவம்பர் 28 அன்று வானவில் மன்றத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது நம் திருச்சி காட்டூர் பாப்பாக்குறிச்சிப் பள்ளியில்தான். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக 13,210 அரசுப் பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு வண்டியில் போவது என்ற திட்டம். இரு சக்கர வண்டியில் அறிவியல் வந்து இறங்கும்போது பிள்ளைகள் வாசலுக்கே ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல தொடக்கம். ஒருவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளி என்று கணக்கு வருகிறது. அவர் வந்து போன மறுநாள் வகுப்பு பழையபடி வாசிப்புக்குத் திரும்பினால் பலன் பாதிதான். கருத்தாளர் செய்து காட்டுவதைவிட, வகுப்பு ஆசிரியர் செய்ய அவர் துணை நிற்பது மேல். குறுவள மையக் கூட்டங்களில் திரையில் ஓடும் படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் ஆசிரியர், ஹோஷங்காபாத்தில் நடந்ததுபோல ஆளுக்கு ஒரு சோதனையையும் அதில் வந்த சிக்கலையும் கொண்டுபோனால் அந்தக் கூட்டம் உயிர்பெறும்.

நடுநிலைப் பள்ளிக்கு எதிர்காலம் உண்டா என்றே சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.4 என்று 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்லிற்று. வகுப்பில் பதினைந்து பிள்ளை, பன்னிரண்டு பிள்ளை என்று குறையும். குறைந்தால் இணைத்துவிடலாம் என்பது கோப்புகளுக்கு எளிய வழி. தரம் உயர்த்தி உயர்நிலைப் பள்ளியாக்குங்கள் என்பது ஊர்க்காரர்களின் கோரிக்கை. இரண்டுமே நடுநிலைப் பள்ளியை நடுவழிச் சத்திரமாகத்தான் பார்க்கின்றன. பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்புதான் சோதனை செய்ய ஏற்ற வகுப்பு. மூன்று வருடம் அதே ஆசிரியர் அதே பிள்ளைகளோடு இருப்பார், யாருக்கு எது பிடிபடவில்லை என்று தெரிந்தவர். எண்ணிக்கை குறைவதைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்காமல் இருந்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் நம் நடுநிலைப் பள்ளிகள் இதுவரை எந்தத் தலைமுறைக்கும் கிடைக்காத அறிவியல் வகுப்பைக் கொடுக்க முடியும்.

கருத்துக் கேட்பு என்று அரசு அழைக்கும்போது மாவட்டப் பங்கைக் கேட்டு ஆசிரியர் சங்கங்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து நண்பர்களும் எழுத வேண்டும். பெற்றோருக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு உங்களுடையது. அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: ஒரு வகுப்பறையில் தண்ணீர்க் குழாயும் தொட்டியும், பிள்ளைகள் சுற்றி நிற்கும் உயரத்தில் நீள மேசை ஒன்று, உடைந்த கண்ணாடிக் குடுவைக்கு ஆசிரியர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை என்ற ஒப்புதல். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 24-க்கு முன்னால் கொடிக்கம்பம் நேராக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்திருந்தால் கணக்குத் தவறும்.